மூன்றாவது ரிங்குக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள்

அன்பும் கோபமும் ஒரே அளவில் வைத்திருக்கும் என் அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. நெஞ்சைப் படம் பிடித்து, ரத்தம் எடுத்து, நாக்கை நீட்டச் சொல்லி, இவர் நலமாக இருக்கிறார் என்று ஒரு டாக்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருக்கிறார். மூன்று நகல் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் ஒன்று அனுப்பி வைக்கிறேன். நீயும் அத்தானும் சான்றிதழ் இல்லாமலேயே நலமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. போன் இருக்கும்போது எதற்குடா கடிதம் என்று கேட்பாய். போனில் நான் "அக்கா" என்று ஆரம்பித்தாலே நீ "சாப்பிட்டியாடா" என்பாய். சாப்பிட்டேன் என்றால் "குரலே சரியில்லையே" என்பாய். அப்புறம் அழுவாய். அப்புறம் அத்தான் போனை வாங்கி, "என்னப்பா சொன்னே அவகிட்ட?" என்று என்னை மிரட்டுவார். சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோகும். இது நின்றுபோகக் கூடாத விஷயம். முப்பது நாள் கெடு கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒன்பது நாள் போயே போய்விட்டது.

விஷயம் உனக்குப் பாதி தெரியும். உன் தம்பி பெண்டாட்டி வெளிநாடு போய் மூன்று வருஷம் நாலு மாசம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் நர்ஸ். போன வருஷம் அவளுக்கு நிரந்தர வசிப்புரிமை கொடுத்துவிட்டார்கள், எல்லாரும் பி.ஆர். என்று செல்லமாகச் சொல்கிறார்களே, அதுதான். இப்போது என்னையும் அங்கே நிரந்தரமாகக் கூப்பிட்டுக்கொள்ள விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அந்தப் படிவத்தில் என்னைச் 'சார்ந்திருப்பவர்' என்று போட்டிருக்கிறார்கள் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். இந்த ஊரில் ஒன்பது கட்டடம் என்னை நம்பித்தான் ஏறி இறங்குகிறது. நான் சார்ந்திருப்பவனாம். முதலில் கோபம் வந்தது. அப்புறம் அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்கைப் போட்டு, வந்துவிட்டேன் என்று சொல்ல ஆளில்லாமல் நின்றேன் பார், அப்போது சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

இந்த ஆவணங்களைச் சேர்க்க நான் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக் கூடாது. முதலில் கையெழுத்து. லிஃப்ட் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம் மோட்டார் அறையில் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும், 'பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு தடவை வீதம் இருபத்திரண்டு வருஷம் போட்டுப் போட்டு என் கையெழுத்து தேய்ந்து ஒரே ஒரு கோடாகிவிட்டது. பாஸ்போர்ட்டில் இருப்பதோ கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, வால், சுழி, அடியில் இரண்டு புள்ளி என்று ஜோராக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு ஆள் போட்டது போல இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து என் கையெழுத்தையே நான் கள்ளக் கையெழுத்தாகப் போட்டுப் பழகினேன். அப்புறம் போட்டோ. சிரிக்கக் கூடாதாம், இரண்டு காதும் தெரிய வேண்டுமாம். ஸ்டூடியோக்காரர் மூன்று தடவை எடுத்துவிட்டு, "சார், சோகமாவும் இருக்கக் கூடாது, சாதாரணமா இருங்க" என்றார். "சாதாரணமாத்தாங்க இருக்கேன்" என்றேன். அவர் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார்.

போலீஸ் சான்றிதழ் கதையைக் கேட்டால் நீ சிரிப்பாய், சிரித்துவிட்டு அழாமல் இருந்தால் சரி. நான் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறேனா என்று விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்திருக்கிறார். கீழ்வீட்டு அம்மா, தங்கமானவர், "மேல யாரும் இல்லீங்களே, காலி பண்ணிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். நான் அந்த நேரம் மேலே, வீட்டுக்குள்ளே, பனியனோடு உட்கார்ந்து படிவத்தில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறேன்! மறுநாள் போய்க் கேட்டால், "கோச்சுக்காதீங்க தம்பி. முன்னாடியெல்லாம் பாத்திரம் விழும், உங்க வீட்டம்மா சத்தம் போடுவாங்க, நீங்க ஒரு சத்தம் போடுவீங்க, கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் சிரிப்பீங்க. இப்ப குழாய் திறக்கற சத்தம்கூட இல்ல. ஆளு போயிட்டாருன்னே நெனச்சுட்டேன்" என்கிறார். அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே சத்தம் போட்டுக் குடியிருக்க ஆரம்பித்தேன். காலையில் ஒரு தட்டைக் கீழே போடுவேன். ரேடியோவை அலறவிடுவேன். நாற்காலியை எடுத்து வைக்காமல் இழுத்துக்கொண்டு போவேன். "எங்க போச்சு இந்தத் துண்டு!" என்று ஆளில்லாத வீட்டில் கத்துவேன். பத்து நாள் கழித்துப் போலீஸ்காரர் மறுபடி வந்தபோது அந்த அம்மா அவரை மாடிப்படி வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து, "இருக்காருங்க, நல்லா இருக்காரு, காதைப் பொத்திக்கிட்டுத்தான் நாங்க இருக்கோம்" என்று புகாரும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். நன்னடத்தை என்று எழுதுவதற்கு அந்த மனுஷர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தார்.

இதெல்லாம் நான் உயிரோடு இருக்கிறேன், நல்லவன், இன்ன இடத்தில் இருக்கிறேன் என்பதற்கான சாட்சி. இதைவிடப் பெரிய தொல்லை, நானும் அவளும் உண்மையிலேயே புருஷன் பெண்டாட்டிதான் என்பதற்குச் சாட்சி. பி.ஆருக்காகப் பொய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், அதனால் எல்லாரையும் சந்தேகப்படுகிறார்கள். சேர்ந்து எடுத்த போட்டோ வேண்டும் என்றார் ஏஜென்ட். ஏஜென்ட் என்றால் ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒரு அறையில் உட்கார்ந்து இந்த விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறவர், காகிதத்தில் ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார். வீடு முழுக்கத் தேடினேன். அவளை நான் எடுத்தது இருக்கிறது, என்னை அவள் எடுத்தது இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றே ஒன்று, பூங்காவில் வழியோடு போன ஒருவரிடம் கொடுத்து எடுத்தது. அதில் அவள் முழுசாக இருக்கிறாள், பக்கத்தில் தலையில்லாமல் ஒரு கட்டம் போட்ட சட்டை நிற்கிறது. ஏஜென்ட் பார்த்துவிட்டு, "சட்டைக்கு பி.ஆர். தர மாட்டாங்க சார்" என்றார். கல்யாண ஆல்பத்தில் இருக்குமே என்றால், அது உன்னிடம் இருக்கிறது. 'பாத்துட்டுத் தரேன்' என்று நீ வாங்கிக்கொண்டு போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் பார்த்து முடியவில்லையா தாயே?

சரி, எழுதிக்கொண்ட செய்திகளைக் கொடுப்போம் என்று வாட்ஸ்அப்பை அச்சடித்தால் அறுபத்தெட்டுப் பக்கம் வந்தது. பெருமையாக எடுத்துக்கொண்டு போனேன். ஏஜென்ட் சத்தமாகப் படித்தார். "ஊசி நூல் எங்க?" "பீரோ, ரெண்டாவது தட்டு." "இல்லையே." "பின்னாடி." "ஆமா." "ம்." அறுபத்தெட்டுப் பக்கமும் இதேதான் அக்கா. மூன்று வருஷமாக வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் அங்கிருந்தபடியே கை காட்டிக்கொண்டிருக்கிறாள். "சார், எனக்குப் பாத்தா புருஷன் பொண்டாட்டின்னு நல்லாத் தெரியுது. ஆனா அந்த ஆபீசருக்குக் கல்யாணம் ஆயிருக்கணுமே" என்றார் ஏஜென்ட். கடைசியில் போன் பேசிய பட்டியலை எடுத்துப் போடச் சொன்னார். போட்டோம். அதுதான் இப்போது கழுத்தைப் பிடித்திருக்கிறது.

என்ன பிடித்திருக்கிறது என்று கேள். அவள் அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நானோ லிஃப்டுப் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்க்கிறவன், கையெல்லாம் கிரீஸ், போனை எடுத்துப் பேச முடியாது. அவளோ இன்னும் மூன்று நர்சுகளோடு ஓர் அறையில் இருப்பவள், அவர்கள் தூங்குகிற நேரத்தில் இவள் பேசக் கூடாது. ஆரம்பத்தில் வீடியோவில் பேசிப் பார்த்தோம். அவள் குசுகுசு என்பாள், நான் "ஆ? ஆ? கேக்கல!" என்று கத்துவேன், அங்கே யாரோ தலையணையை எடுத்து எறிவார்கள். அதோடு விட்டுவிட்டோம். அதனால் ரிங். அவள் ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால், டூட்டி முடிந்து அறைக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம், எனக்குக் காலை ஒன்பதரைக்கு வரும், அங்கே அப்போது ராத்திரி. இரண்டு ரிங் என்றால் சாப்பிட்டாயிற்று, பத்தரைக்கு வரும். அவ்வளவுதான் பேசி வைத்தது. ஆறேழு மாசம் கழித்து, மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, அவளுக்குப் படுக்கிற நேரம், மூன்றாவதாக ஒன்று வர ஆரம்பித்தது. மூன்று ரிங். இதை நாங்கள் பேசி வைக்கவில்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது! ஒன்பது வருஷத் தாம்பத்தியத்தில் எல்லாவற்றையும் வாய்விட்டா சொல்ல வேண்டும்? 'படுத்துட்டேன், உங்க ஞாபகமா இருக்கு' என்று அர்த்தம். நானும் மூன்றாவது ரிங் வந்ததும் கட் பொத்தானை அழுத்துவேன், 'எனக்கும்தான்' என்று அர்த்தம். கையில் கிரீஸ் அல்லவா, மூக்கால் அழுத்துவேன். பன்னிரண்டு மாடி உயரத்தில், இருட்டில், கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மூக்கால் என் பெண்டாட்டிக்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அக்கா நான் காலையில் எழுந்திருப்பதே.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மூன்று வருஷத்தில் மூவாயிரத்துச் சொச்சம் அழைப்பு, பேசிய மொத்த நேரம் நாற்பத்தோரு நிமிஷம். அதில் விண்ணப்பதாரரின் அழைப்பைத் துணைவர் அறுநூற்றுப் பதினொரு முறை 'நிராகரித்திருக்கிறார்'. இவர்களுக்கிடையே உள்ள உறவு உண்மையானதுதானா என்று முப்பது நாளைக்குள் விளக்கம் தர வேண்டும், தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. மறுபடி போட்டால் இன்னும் இரண்டு வருஷம். ஏஜென்ட் வேறு, "சார், தப்பா நெனக்காதீங்க, இதப் பாத்தா யாரோ ஒரு அம்மா உங்களத் தொல்லை பண்ற மாதிரியும் நீங்க தப்பிச்சு ஓடற மாதிரியும் இருக்கு" என்கிறார். நிராகரித்தேனாம்! நானா! இரண்டு வருஷம், அக்கா! இந்த வீட்டில் இன்னும் இரண்டு வருஷம் ஒண்டியாக என்னால் முடியாது. இதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை. மெக்கானிக்குகளிடம் சொன்னால் கிண்டல் செய்வார்கள், அவளிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

ஏஜென்ட் ஒரு வழி சொன்னார். ரிங் ஏற்பாட்டை நான் தனியாகவும் அவள் தனியாகவும், ஒருவரை ஒருவர் கேட்காமல், நோட்டரி முன்னால் வாக்குமூலமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டும் அச்சாகப் பொருந்தினால் எந்த ஆபீசரும் வாயைத் திறக்க மாட்டான். எனக்கு ஒரே சந்தோஷம். பொருந்தாமல் எங்கே போகும்? நான் மூன்றையும் விளக்கமாக எழுதி, பழைய கையெழுத்தையே போட்டுக் கொடுத்துவிட்டேன். 'உங்க ஞாபகமா இருக்கு' என்பதைப் படித்தபோது நோட்டரி என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். அவளுடையது நாளை வந்துவிடும். நீ செய்ய வேண்டியது இரண்டு காரியம். ஒன்று, ஆல்பத்தை அனுப்பு. அத்தான் நடுவில் நிற்காத படமாக நாலு இருந்தாலும் போதும். இரண்டு, நாங்கள் சேர்ந்து குடித்தனம் நடத்தியதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு கடிதம் எழுதி முத்திரை வாங்கி அனுப்பு. சண்டையும் போடுவோம் என்று சேர்த்து எழுது, ரொம்ப நல்லவிதமாக எழுதினால் நம்ப மாட்டார்களாம். எங்களுக்குள் பேச்சே தேவையில்லை, அவ்வளவு ஒற்றுமை என்றும் ஒரு வரி போடு.

அத்தானுக்கு என் வணக்கம், முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல். உன் ஆசி ஒன்றுதான் இன்னும் நகல் எடுக்காத ஆவணம், அதையும் கடிதத்தோடு வைத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன்னையும் சார்ந்திருக்கும்
தம்பி

பி.கு.: கவரை ஒட்டிவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே ஒற்றுமை என்று எழுதச் சொன்னேனே, அந்த வரியை எழுதாதே.

நேற்று அவள் வாக்குமூலம் வந்தது. ஏஜென்ட் அதை என் பக்கம் தள்ளிவிட்டுப் பின் அடிக்கிற மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டே வரி. ஒரு ரிங் என்றால் அறைக்கு வந்தாயிற்று. இரண்டு ரிங் என்றால் சாப்பிட்டாயிற்று. கீழே கையெழுத்து. "மூணாவத மறந்துட்டா" என்றேன். "நானும் அப்படித்தான் நெனச்சு அவங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன் சார். மூணாவதுன்னு ஒண்ணு இல்லவே இல்லங்கறாங்க" என்றார்.

அங்கேயே அவளைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். "என்னங்க ஆச்சு? அக்காவுக்கு ஏதாவதா?" என்றாள். நான் போன் செய்தாலே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது. "ஒண்ணும் ஆகல. மத்தியானம் மூணு ரிங் விடுவியே, அது எதுக்கு?" என்றேன். "நான் எங்கங்க மூணு விட்டேன்? நீங்க எடுப்பீங்களான்னு அது பாட்டுக்கு அடிக்க விடுவேன். நீங்கதான் மூணுல கட் பண்ணிடுவீங்க."

அக்கா, நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எதுக்கு எடுக்கணும்?" என்று கேட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"சும்மாதான். பேசலாம்னு" என்றாள்.

"அறுநூத்திப் பதினொரு தடவையுமா?"

"எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

"ஒரு தடவை சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க எங்கயாவது கயித்துக்கிட்ட நின்னுக்கிட்டு இருப்பீங்க. கட் ஆனா, சரி, கட் பண்றதுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு இருக்காரேன்னு நெனச்சுக்குவேன். தூக்கம் வந்துடும்."

ஏஜென்ட் எழுந்து, ஜெராக்ஸ் கடையில் பேப்பர் இருக்கிறதா பார்க்கிறேன் என்று கீழே இறங்கிப் போய்விட்டார். நான் அழுதேன் அக்கா, அந்தப் பக்கம் அவளும் அழுதாள், மூன்று நர்சுகளும் விழித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, இந்தத் தடவை யாரும் தலையணையை எறியவில்லை.

என் வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். 'அறுநூற்றுப் பதினொரு முறை என் மனைவி என்னோடு பேசக் கூப்பிட்டாள். அது பேசக் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எடுக்கவில்லை. வேறு விளக்கம் இல்லை.' ஏஜென்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், அந்த ஆபீஸ்காரங்க சந்தேகப்பட்டதையே நீங்க ஒத்துக்கற மாதிரி இருக்கு. தள்ளுபடி பண்ணிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றார். அவளிடம் படித்துக் காட்டினேன். "நடந்தது அதானே, அப்படியே அனுப்புங்க. தள்ளினா மறுபடி போடுவோம். ஆனா இனிமே எடுங்க" என்றாள். அனுப்பிவிட்டேன். கிடைக்குமா கிடைக்காதா தெரியாது. நீ ஆல்பத்தை அனுப்பு, எதற்கும் இருக்கட்டும்.

இதை மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டு இருபத்தெட்டு. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு, லிஃப்டை நிறுத்தி வைத்துவிட்டு, போனை மடியில் வைத்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் பத்துப் பேர் நின்று கதவைத் தட்டுகிறார்கள், ஒருவர் என் பெயரைச் சொல்லியே திட்டுகிறார். அடிக்கிறது அக்கா. வைக்கிறேன். அவர்கள் படியில் ஏறிப் போகட்டும்.